வாக்கிங் கூட்டிப்போன நாய் இறந்துபோனால் அழலாமா என்று கேட்டவருக்கு

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் படிப்பார்கள். ஒரு வீட்டு லேப்ரடாரைப் பல வருடங்களாக மதிய வேளையில் வாக்கிங் கூட்டிப்போகிறீர்கள். போன வாரம் அவன் வீட்டில் திடீரென்று சரிந்து விழுந்திருக்கிறான், அன்றிரவே போய்விட்டான். மண்ணீரலில் இருந்த புற்றுநோய்க் கட்டி உடைந்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டியிருக்கிறது என்று மருத்துவர் சொன்னாராம். வீட்டுக்காரர்கள் ஒரு வரி செய்தி அனுப்பினார்கள், நீங்களும் ஒரு வரி பதில் அனுப்பினீர்கள், அதற்கப்புறம் உங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூட இருப்பவர்களோ "உன் நாய்கூட இல்லையே, காசுக்குப் பார்த்த வேலைதானே" என்கிறார்கள். இவ்வளவு அழுவது சரியா, நான் எதையாவது கவனிக்காமல் விட்டேனா, அவர்களுக்கு எழுதலாமா, சாவியை என்ன செய்வது, அவனோடு சேர்ந்து நடந்த மற்ற நாய்களை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அழலாம். நெடுநாளாக இதே வேலையில் இருக்கிறேன், புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். இந்த வேலையை மனசு வைத்துச் செய்த யாரும் இதிலிருந்து தப்பிப் பார்த்ததில்லை. கென்னத் டோக்கா என்கிற அமெரிக்க ஆய்வாளர் 1989-இலேயே இந்த மாதிரித் துக்கத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கம். அந்த உறவை உறவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், இழப்பை இழப்பாக மதிக்க மாட்டார்கள், அழுகிறவருக்கு அழ உரிமை உண்டு என்றே நினைக்க மாட்டார்கள். உங்களுக்கு மூன்றுமே பொருந்துகிறது பாருங்கள்: போனது ஒரு நாய், அதுவும் அடுத்த வீட்டு நாய், அதற்கும் மேலாக நீங்கள் பணம் வாங்கிக்கொண்டவர். ஆறுதல் சொல்ல ஆள் வராததால்தான் இது உள்ளேயே கிடந்து கனக்கிறது. உங்கள் மனசில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பணம் வாங்கினீர்கள் என்பது நாய்க்குத் தெரியாது. 2015-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், நாயும் அதன் ஓனரும் ஒருவர் கண்ணை ஒருவர் நெடுநேரம் பார்த்துக்கொள்ளும்போது இருவர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் கூடுவதைக் காட்டினார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் வேலை செய்கிற அதே ஹார்மோன். மனிதர்கள் வளர்த்த ஓநாய்களிடம் அதைக் காணவில்லை. ஓனர்களை வைத்துச் செய்த ஆய்வுதான், சரி. ஆனால் தினமும் கதவைத் திறந்ததும் உங்களை ஏறிட்டுப் பார்த்த அந்த நாய், ரசீதைச் சரிபார்த்துவிட்டா வாலை ஆட்டியது?

இதில் நான் முக்கியமாக நினைப்பது வேறொன்று. அந்த நாயின் வாழ்க்கையில் ஒரு பகுதியை உங்களைத் தவிர யாரும் பார்த்ததில்லை. வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்தது வீட்டு நாய்: சோபாவில் படுப்பவன், சமையலறை வாசலில் காத்திருப்பவன், ராத்திரி கட்டிலுக்கடியில் குறட்டை விடுபவன். உங்களுக்குத் தெரிந்தது தெருவில் நடக்கிற நாய். எந்த மூலையில் நின்றே தீருவான், எந்த மதில் ஓரத்தை மூன்று முறை மோந்துவிட்டுத்தான் காலைத் தூக்குவான், எதிரே பெரிய நாய் வந்தால் முதலில் காது பின்னால் போகுமா வால் கீழே இறங்குமா, மழை பெய்து ஓய்ந்த தரையில் ஏன் ஓரமாகவே நடப்பான். நெடுநாள் ஒரே நாயை நடத்தினால் கண்ணைவிடக் கை முந்திக்கொள்ளும். அவன் இழுப்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே லீஷ் லேசாகத் தளர்ந்து வருவது விரலுக்குத் தெரிந்துவிடும், நீங்களும் யோசிக்காமல் ஒரு எட்டு நகர்ந்து கொடுத்திருப்பீர்கள். இப்போது வேறொரு நாயோடு அந்த இடத்தைத் தாண்டும்போது உங்கள் கை தானாக இறுகுகிறது என்று எழுதியிருந்தீர்களே, அது இதுதான். அந்த வீட்டில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து "அன்றைக்கு என்ன செய்தான் தெரியுமா" என்று பேசி அழுதுகொள்ளலாம். உங்கள் பங்கு நினைவுக்கு இன்னொரு சாட்சி கிடையாது. அதனால்தான் அவர்களுக்கு எழுதலாமா என்ற கேள்விக்கு, எழுதுங்கள், கட்டாயம் எழுதுங்கள் என்கிறேன். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், முதலில் குற்ற உணர்ச்சியைப் பேசிவிடுவோம், ஏனென்றால் அது நெஞ்சில் இருக்கும்வரை கடிதம் வராது.

மண்ணீரலில் வரும் இந்தப் புற்றுநோயை ஹீமாஞ்சியோசார்கோமா என்பார்கள். ரத்தக் குழாய்களின் உள்சுவர்ச் செல்களில் தொடங்குவது. நடுவயதைத் தாண்டிய பெரிய நாய்களிடம், ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர், லேப்ரடார் போன்றவற்றிடம் அதிகம் பார்க்கலாம். இதன் கொடுமையே, கட்டி உடைகிறவரை வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. சில சமயம் முன்னாலேயே கொஞ்சமாகக் கசியும், நாய் அன்று மட்டும் சோர்ந்து கிடக்கும். கசிந்த ரத்தத்தை உடம்பே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், மறுநாள் பழையபடி துள்ளும். அதைப் பார்த்துவிட்டு "நேற்று வெயில், அதான்" என்றுதான் யாரும் நினைப்பார்கள், மருத்துவரே கையால் தடவிப் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாமல் போகும், பெரும்பாலும் ஸ்கேனில்தான் பிடிபடும். பிடிபட்டு மண்ணீரலையே அறுவை செய்து எடுத்தாலும், அதோடு விட்டுவிட்டால் பெரும்பாலான நாய்கள் இருப்பது ஒன்றிலிருந்து மூன்று மாதம், கீமோவும் கொடுத்தால் நாலு முதல் ஆறு மாதம் என்ற கணக்குத்தான். அதனால் போன மாதம் ஒரு நாள் பாதி வழியில் படுத்துக்கொண்டானே, அப்போதே சொல்லியிருந்தால் என்று நீங்கள் போடுகிற கணக்கு சரிவராது. அன்றைக்கு ஓடவிட்டதால் வந்ததோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். நடையும் ஓட்டமும் கட்டியை உண்டாக்காது. அது தூங்கும்போதும் உடையும்.

ஒரு வாக்கர் கண்ணில் படக்கூடிய ஆபத்துகள் உண்டு, அவற்றைத் தெரிந்துகொள்வது அடுத்த நாய்க்கு நல்லது. ஈறு இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்திருப்பது, கால் தள்ளாடிச் சரிவது, வயிறு விறைத்து உப்புவது, வாந்தி எடுக்க முயன்று முயன்று ஒன்றும் வராமல் தவிப்பது. கடைசி இரண்டும் சேர்ந்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், சில மணி நேரத்தில் உயிர் போய்விடும், ஓனரைப் போனில் தேடிக்கொண்டிருக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போய்க்கொண்டே கூப்பிட வேண்டும். அப்புறம், ஒவ்வொரு நடை முடிந்ததும் சிறுநீர், மலம், நடை, தண்ணீர் எவ்வளவு குடித்தது என்று இரண்டு வரி அனுப்பிவிடுகிற பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நாய்க்கு நல்லது என்பது ஒருபக்கம். பின்னாளில் இதே மாதிரி ஒரு ராத்திரி தூக்கம் வராதபோது, பார்த்ததைச் சொன்னேன் என்று எடுத்துப் பார்க்க ஏதாவது இருக்கும்.

வீட்டுக்காரர்கள் "உங்களுக்கு எதாவது வித்தியாசமாகத் தெரிந்ததா?" என்று கேட்டால் பதறாதீர்கள். பெரும்பாலும் அது குற்றச்சாட்டே கிடையாது, தங்களையே குடைந்துகொள்ளும் கேள்வியை உங்களிடமும் கேட்கிறார்கள். தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லுங்கள். படுத்துக்கொண்டான், தண்ணீர் குடித்ததும் எழுந்துவிட்டான் என்றால் அவ்வளவுதான். "நான் அப்போதே சொன்னேனே" என்பதை மட்டும், நீங்கள் உண்மையிலேயே சொல்லியிருந்தாலும், வாயைத் திறந்து சொல்லிவிடாதீர்கள்.

சரி, கடிதம். கையால் எழுதினால் நல்லது, முடியாவிட்டால் மெசேஜ் போதும், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அவன் பெயரைச் சொல்லி எழுதுங்கள், "உங்கள் செல்லப்பிராணி" என்று எழுதினால் இன்ஷூரன்ஸ் கடிதம் மாதிரி இருக்கும். நல்ல இடத்துக்குப் போய்விட்டான், கஷ்டப்படாமல் போனானே, இன்னொரு நாய் வாங்கிக்கொள்ளுங்கள், இதெல்லாம் வேண்டாம். அவர்களுக்கு மற்றவர்கள் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். உங்களுக்கு எவ்வளவு வலிக்கிறது என்பது ஒரு வரியில் இருக்கட்டும், இருக்கத்தான் வேண்டும், ஏனென்றால் வீட்டுக்கு வெளியேயும் ஒருவர் அவனுக்காக அழுதார் என்று தெரிவது அவர்களுக்குப் பெரிய விஷயம். ஆனால் அவர்கள் உங்களைத் தேற்ற வேண்டிய நிலைமையை உண்டாக்கிவிடாதீர்கள். மீதி இடம் முழுக்க அவர்கள் பார்க்காத நாயைக் கொடுங்கள். உதாரணத்துக்கு, நீங்கள் கேள்வியில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்களே, பச்சை கேட் வீட்டுப் படியில் ஒரு கிழட்டுப் பூனை உட்கார்ந்திருக்கும், அந்த இடம் வந்ததும் அவன் நடையைக் குறைத்துக்கொண்டு பூனையைப் பாராத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான், தாண்டி நாலடி போன பிறகுதான் திரும்பிப் பார்ப்பான் என்று. அதை அப்படியே எழுதுங்கள். அவன் அன்பானவன், விசுவாசமானவன் என்று பத்து வரி எழுதுவதைவிட அந்தப் பூனை போதும். அவர்கள் வளர்த்த நாயைப் பற்றி அவர்களுக்கே தெரியாத ஒன்று, அதுவும் அவன் போன பிறகு புதிதாகக் கிடைக்கிறது. இதைக் கொடுக்க உங்களால் மட்டும்தான் முடியும்.

போட்டோவும் வீடியோவும் உங்கள் போனில் நிறைய இருக்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள். ஒரு இடத்தில் சேர்த்து வைத்துவிட்டு, "இருக்கிறது, எப்போது வேண்டுமென்றாலும் சொல்லுங்கள்" என்று கடிதத்திலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள். குறிப்பாக அவன் குரைக்கிற, மூச்சு வாங்குகிற சத்தம் உள்ள வீடியோக்களைக் கேட்காமல் அனுப்பவே வேண்டாம், சத்தம் படத்தைவிடக் கூர்மையாகத் தாக்கும். உங்கள் சமூக வலைதளப் பக்கத்தில் அஞ்சலி போடுவதாக இருந்தால் அவர்கள் முதலில் சொல்லட்டும், அதற்கும் அனுமதி கேளுங்கள். அந்த வீட்டில் குழந்தைகள் உண்டு என்றீர்கள்; அவர்களுக்கு எந்த வார்த்தையில் சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு அதே வார்த்தையைப் பயன்படுத்துங்கள். "தூங்கிவிட்டான்" என்று நீங்களாக ஒன்றைச் சொல்லிவைத்தால் சின்னக் குழந்தைக்கு அன்றிரவு படுக்கவே பயம் வந்துவிடும்.

சில விஷயங்களை இன்றைக்கே செய்துவிடுங்கள். நேரம் குறிக்கிற ஆப் ஏதாவது வைத்திருந்தால் முதல் வேலையாக அவன் பெயரில் உள்ள பதிவுகளை நிறுத்துங்கள். "நாளை மதியம் ஒரு மணிக்கு வாக்கிங்" என்று தானாகப் போகிற ஒரு நினைவூட்டல் அந்த வீட்டில் என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். மாதத்துக்கு முன்பணம் வாங்கியிருந்தால் அவர்கள் கேட்கும் முன் மீதியைக் கணக்குப் பார்த்து அனுப்பிவிடுங்கள். உங்களுக்கு வரவேண்டிய பாக்கி இருந்தால் ஓரிரு வாரம் கழித்து வழக்கமான பில்லை அனுப்பலாம், தப்பே இல்லை; விட்டுக்கொடுக்க முடிந்தால் விடுங்கள், முடியாவிட்டால் அதற்காகக் கூசாதீர்கள், நீங்களும் பிழைக்க வேண்டும். சாவியைச் சத்தமில்லாமல் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வராதீர்கள். "சாவி என்னிடம் பத்திரமாக இருக்கிறது, உங்களுக்குத் தோதான நேரத்தில் நேரில் கொண்டுவந்து தருகிறேன், வேண்டாமென்றால் எப்படி என்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவனுடைய லீஷோ ஹார்னஸோ உங்களிடம் இருந்தால் துவைக்காமல் கொடுங்கள். இதைப் பலர் நல்லெண்ணத்தில் கெடுத்துவிடுகிறார்கள். அதில் ஒட்டியிருக்கிற முடியும் வாசனையும் அவர்களுக்கு வேண்டியிருக்கலாம், சுத்தம் செய்வதை அவர்களே எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்வார்கள். (பார்வோ மாதிரித் தொற்றால் இறந்த நாய் என்றால் கதை வேறு, அந்தக் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மருத்துவர் சொல்கிறபடிதான் சாமான்களைக் கையாள வேண்டும். உங்கள் விஷயத்தில் அந்தக் கவலை இல்லை.)

இனி உங்கள் மதிய நேரம். அந்த ஒரு மணி நேரம் காலியாகியிருக்கிறது, கூடவே ஒரு வருமானமும் போயிருக்கிறது, இரண்டையும் ஒரே நேரத்தில் நினைத்துவிட்டு "சே, என்ன மனுஷன் நான்" என்று நொந்துகொண்டிருக்கிறீர்கள். வாடகை கட்டுகிற யாருக்கும் அந்த நினைப்பு வரும். சிலருக்கு உடனே வேறு நாயை அந்த நேரத்தில் போட்டால்தான் மூச்சு விட முடியும், சிலருக்கு ஒரு மாதம் காலியாக விட்டால்தான் முடியும். காலையில் ஒரு நாய்க்குட்டியின் கூத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு மதியம் அழுதால் அது நடிப்பு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். 1999-இல் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் துக்கத்தை விளக்கியது ஏறக்குறைய இப்படித்தான்: மனசு இழப்பின் பக்கம் போகும், பிறகு அன்றாட வேலையின் பக்கம் வரும், மறுபடி போகும், இந்தப் போக்குவரத்தே ஆறுகிற வழி. துக்கத்துக்கு ஐந்து படிநிலைகள் என்று எல்லோரும் சொல்வார்களே, எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் அதை 1969-இல் எழுதியது சாகப்போகிற நோயாளிகளிடம் பேசிப் பேசி. அதை வைத்து, நான் இப்போது எத்தனையாவது படியில் இருக்கிறேன் என்று அளந்துகொண்டிருக்க வேண்டாம். பழைய பாதையைக் கொஞ்ச நாள் தவிர்க்கலாம், ஆனால் ரொம்ப நாள் தள்ளாதீர்கள். உங்கள் மற்ற வீடுகளும் அதே தெருக்களில்தான் இருக்கின்றன, தவிர்க்கத் தவிர்க்க நடக்கிற இடம் சுருங்கிக்கொண்டே போகும்.

அழுத நாட்களில் ஒரு எச்சரிக்கை. கவனம் சிதறும். ஒரே நேரத்தில் கூட்டிப்போகிற நாய்களைக் குறையுங்கள், லீஷைக் கழற்றி விடவே விடாதீர்கள், கொக்கி மாட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பாருங்கள்.

அவனோடு நடந்த அந்த பீகிள் பெண் நாய் அவன் வீட்டு கேட் முன் நின்றுகொண்டு நகர மறுக்கிறாள் என்றீர்கள். இத்தாலிய ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், குறைந்தது இரண்டு நாய் வைத்திருந்து ஒன்றை இழந்த 426 பேரிடம் கேட்டார்கள்; 86 சதவீதத்தினர் மீதி இருந்த நாயிடம் மாற்றம் தெரிந்தது என்றார்கள். மனிதர்களை அதிகமாக ஒட்டிக்கொள்வது, விளையாட்டு குறைவது, தூக்கம் கூடுவது, சாப்பாடு குறைவது. எத்தனை வருடம் சேர்ந்து இருந்தன என்பது பெரிதாகப் பொருட்படவில்லை, எவ்வளவு சிநேகமாக இருந்தன என்பதே முக்கியமாக இருந்தது. அவை ஒரே வீட்டில் வாழ்ந்த நாய்கள், உங்கள் பீகிள் வேறு வீடு, அதனால் அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் இரண்டு நிமிடம் நிற்க விடுங்கள், மோந்து முடிக்கட்டும், இழுக்க வேண்டாம், கொஞ்ச வேண்டாம், பிறகு வழக்கமான குரலில் கூப்பிட்டு நடங்கள். அவளுடைய ஓனரிடம் விஷயத்தைச் சொல்லிவையுங்கள். இரண்டு நாளைக்கு மேல் சாப்பிடவில்லை என்றால் துக்கம் என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். துக்கத்தின் பெயரில் பல்வலியும் வயிற்று நோயும் மறைந்துகொள்ளும்.

இன்னொன்று, இதை இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒரு வீட்டில் நாய் வளர்க்கிறவர் பத்து, பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை இதைத் தாங்குகிறார். பத்துப் பதினைந்து நாய்களை நடத்துகிறவருக்கு, அதுவும் வயதான நாய்களை விரும்பி எடுத்துக்கொள்கிறவருக்கு, ஒரே வருடத்தில் இரண்டு மூன்று வரலாம். நீங்கள் இதுவரை இழந்த மற்ற நாய்களுக்காக அழுதிருக்கிறீர்களா என்று ஒரு தடவை யோசியுங்கள், இப்போது வருகிற அழுகையில் அவற்றின் பங்கும் கலந்திருக்கலாம். சக வாக்கர்களிடம் பேசுங்கள், விளக்கமே தேவைப்படாது. வாரக்கணக்கில் தூக்கமும் வேலையும் கெட்டால் ஒரு மனநல ஆலோசகரிடம் போங்கள், "நாய்க்காகவா வந்தீர்கள்" என்று கேட்கிறவர் என்றால் வேறு ஆலோசகரைப் பாருங்கள்.

கடிதத்துக்குப் பதில் வராமல் இருக்கலாம், வந்து சேர்ந்ததா என்று கேட்காதீர்கள். ஒரு மாதம் கழித்து, மற்றவர்கள் எல்லாம் விசாரிப்பதை நிறுத்திய பிறகு, இரண்டு வரி இன்னொரு முறை அனுப்புங்கள், அது முதல் கடிதத்தைவிட நன்றாகப் போய்ச் சேரும். என்றைக்காவது அவர்கள் ஒரு குட்டியை வாங்கிவிட்டு உங்களையே கூப்பிடலாம். மனசு ஒப்பவில்லை என்றால் இப்போது முடியாது என்று சொல்லி வேறு நல்ல வாக்கரைக் கைகாட்டுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முடிவெடுக்க அவசரமும் இல்லை. தடுப்பூசி வரிசை முடிகிறவரை, அதாவது அதற்குச் சுமார் 16 வார வயது ஆகிறவரை, குட்டியை எல்லா நாய்களும் புழங்குகிற தெருவில் இறக்கி நடத்தக்கூடாது.